ஜொல்லா, பானியா? ஒரு வங்காளக் காதல் படத்தின் வசனம் திருத்தப்பட்ட விதம்

பின்னணி

2021 கடைசியில் கொல்கத்தாவில் ஓர் இயக்குநர் தன் முதல் படத்துக்கு என்னை எடிட்டராகக் கூப்பிட்டார். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் நடக்கும் காதல் கதை. பையன் லால்பாக் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம், பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். பெண் பஹரம்பூர் நகரத்து இந்து, மருந்துக் கடைக்காரரின் மகள். கல்லூரியில் பழகி, பல தடைகளுக்குப் பிறகு பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். இயக்குநருக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் வாழ்க்கைதான் கதைக்கு மூலம். அவர்கள் இன்றும் அந்த மாவட்டத்திலேயே குடியிருப்பதால் படத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

வங்காளத்தில் இது புதிய கதை அல்ல. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1924-ல் இந்துக் குடும்பத்துப் பெண்ணான பிரமிளாவை மணந்தார். பிரமிளா மதம் மாறவில்லை. முதல் குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் கிருஷ்ண முகம்மது. இயக்குநர் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். தயாரிப்பாளர் பதிலுக்கு 2007-ஐ ஞாபகப்படுத்துவார். அந்த ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஒரு முஸ்லிம் இளைஞர் பணக்கார இந்துத் தொழிலதிபர் வீட்டுப் பெண்ணைச் சட்டப்படி மணந்தார். போலீஸ் அழைத்து விசாரித்தது, பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினார், செப்டம்பரில் அந்த இளைஞர் ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். கொல்கத்தா போலீஸ் கமிஷனரே பதவியிலிருந்து மாற்றப்பட்ட விவகாரம் அது. இந்த இரண்டு நினைவுகளுக்கும் நடுவில்தான் படம் எடுத்தோம்.

2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் முஸ்லிம்கள் 27 சதவீதம். முர்ஷிதாபாத்தில் மட்டும் 66 சதவீதம். அதாவது நாங்கள் படமெடுக்கப் போன இடத்தில் பையன் வீட்டார்தான் பெரும்பான்மை. எழுதியவர்களும் எடுத்தவர்களும், என்னைத் தவிர, கொல்கத்தாவின் இந்துப் படிப்பாளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் தமிழன். சினிமா படிக்க வந்து கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டவன்.

பிரச்சினை புரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இருவர் தாய்மொழியும் வங்காளம்தான். ஆனால் வீட்டுப் புழக்கத்தில் சில சொற்கள் பிரிகின்றன. தண்ணீர் இந்து வீட்டில் ஜொல், முஸ்லிம் வீட்டில் பானி. சித்தி பெரியம்மாவை இவர்கள் மாஷி என்பார்கள், அவர்கள் காலா என்பார்கள். அப்பாவை அழைக்கும் பாபா என்பது அங்கே ஆப்பா. குளியல் இங்கே ஸ்நான், அங்கே கோசல். அக்காவுக்கு திதி என்றும், அந்தப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களில் புபு என்றும் சொல்கிறார்கள். நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. 'ஜலம்' என்று ஒருவர் சொன்னதுமே எந்த வீடு என்று நம் காது கணக்குப் போடுகிறது. 'ஆணம்' என்றால் முஸ்லிம் வீட்டுக் குழம்பு என்று தென் மாவட்டக்காரர்களுக்குத் தெரியும். வங்காளத்தில் அந்தக் கணக்கு முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பிரதி

வசனகர்த்தா எழுதிய முதல் பிரதியில் பையன் வீட்டார் பேசியது பழைய நவாப் நாடகத்தில் வரும் மொழி. கல்யாணத்தை 'ஷாதி' என்றார்கள். அப்பா தன் சொந்தத் தம்பியைப் பார்த்து 'ஆதாப்' என்று கையுயர்த்தினார்.

2022 மழைக்காலத்தில் இடம் பார்க்கப் போனபோது, வாடகைக்குப் பேசியிருந்த வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து சில காட்சிகளைப் படித்துக் காட்டினோம். வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி இரண்டே விஷயம் சொன்னார். கல்யாணத்தை நாங்களும் 'பியே' என்றுதான் சொல்கிறோம், உங்களைப் போலவே. ஆதாப் என்பது இந்துக்களைப் பார்த்தால் சொல்வது, எங்களுக்குள் சலாம்தான்.

இரண்டாவது கருத்து கனமானது. ஆதாப் என்ற சொல்லே அங்கே அடுத்த மதத்தாருக்கான மரியாதைச் சொல். அதைத் தம்பியிடம் சொல்ல வைத்ததால், பார்வையாளர் எல்லாரும் இந்துக்கள் என்று நினைத்து எழுதியது வெளியே தெரிந்துவிட்டது. இதை அன்று யாரும் இவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. எனக்கே எடிட்டிங் மேசையில்தான் புரிந்தது.

எல்லாரும் 'ஜொல்' என்ற முடிவு

திரும்பி வந்ததும் இயக்குநர் எதிர்ப்பக்கம் போனார். எல்லா வேற்றுமைச் சொல்லையும் எடுத்துவிடலாம், இரண்டு வீடும் ஒரே வங்காளம் பேசட்டும் என்றார். அவர் தரப்பு நியாயம் மூன்று. முஸ்லிம் வீட்டை வேடிக்கைப் பொருளாகக் காட்டிய தவறு மறுபடி நடக்கக் கூடாது. இருவரும் ஒரே மொழிக்காரர்கள் என்பதே படத்தின் அடிநாதம். அப்புறம், எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு யார் கிளம்புவார்கள் என்ற தயாரிப்பாளரின் பயம்.

நான் எதிர்க்கவில்லை. சொல்லப்போனால், ஆமோதித்தேன். நான் வங்காளம் கற்றுக்கொண்டது வகுப்பறையிலும் விடுதியிலும். எனக்குத் தண்ணீர் என்றால் ஜொல்தான். கொல்கத்தாவில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பார்க் சர்க்கஸ் பகுதி டீக்கடையில் பானி என்று காதில் விழுந்தபோதெல்லாம் அது இந்தி என்றே பல மாதம் நினைத்திருக்கிறேன். ஜொல் பொதுச்சொல், பானி மதச்சொல் என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. பொதுச்சொல் என்று நாங்கள் வைத்துக்கொண்டது ஒரு பக்கத்தாரின் வீட்டுச் சொல்.

படப்பிடிப்பு

2023 ஜனவரியில் 22 நாள் படப்பிடிப்பு. பேரீச்சம்பனை வெல்லம் காய்ச்சும் பருவம், விடிகாலைப் பனி, எல்லாம் படத்துக்குத் தோதாக அமைந்தது. பையனின் அம்மாவாக நடித்தவர் அந்த மாவட்டத்து நாடக நடிகை, முஸ்லிம். பெண் முதன்முறையாக அந்த வீட்டுக்கு வரும் காட்சியில் அவர் 'ஜொல் காபே?' என்று கேட்க வேண்டும். (தண்ணீர் குடிக்கிறாயா என்று அர்த்தம். வங்காளத்தில் தண்ணீரையும் 'சாப்பிடத்தான்' செய்வார்கள்.) நான்கு டேக்கில் முதலிலும் மூன்றாவதிலும் அவர் வாயில் பானி என்றே வந்தது. இரண்டாவது டேக்கில் 'பா' என்று தொடங்கி, தானே தடுத்து, 'ஜொல்' என்று மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு டேக்கையும் குறித்துவைக்கும் கன்டின்யூட்டி தாளில் அந்த மூன்றுக்கும் நேரே 'வசனப் பிழை' என்று எழுதியிருந்தது. நான்காவதுதான் ஓகே.

ரஷ், அதாவது எடுத்ததை வெட்டாமல் அப்படியே, பார்க்கும்போது நான்காவது டேக் செத்துப்போன மாதிரி இருந்தது. நடிகை சொல்லைக் கவனித்துப் பேசுகிறார், விருந்தாளியைக் கவனிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாததால் அதையே வைத்துப் படத்தின் முதல் 'கட்'டை, அதாவது முதல் எடிட் வடிவத்தை, முடித்தேன்.

இரண்டு திரையிடல்கள்

மார்ச்சில் முதல் கட்டைக் கொல்கத்தாவில் பத்துப் பதினைந்து நண்பர்களுக்குப் போட்டோம். நீளம் பற்றியும் பாட்டு பற்றியும் பேசினார்கள். மொழி பற்றி ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பஹரம்பூரில் ஒரு சிறு அரங்கில் சுமார் 30 பேருக்குப் போட்டோம். பாதிக்கு மேல் முஸ்லிம்கள், மீதி நகரத்து இந்துக்கள், கதையின் மூலத் தம்பதியும் வந்திருந்தார்கள். அங்கே வந்த கருத்துகளில் மூன்றை மட்டும் எழுதுகிறேன்.

நடுவயது ஆள் ஒருவர், அப்பா தொழும் காட்சி வரும்வரை அது யார் வீடு என்றே தனக்குப் புரியவில்லை என்றார்.

கல்லூரி மாணவி ஒருவர் கேட்ட கேள்விதான் படத்தைத் திருப்பியது. "பையன் அவள் முன்னாடி ஜொல்லுன்னு பேசுறான். சரி, நாங்களும் வெளியே அப்படித்தான் பேசுறோம். வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் அப்படியே பேசுறான்? வீட்டிலே யார் அவனைக் கேட்கப் போறாங்க?" கொல்கத்தாவில் வாடகை வீடு தேடும்போது தரகரிடம் 'பானி' வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பற்றி அவர் சொன்னார். அங்கிருந்த சிலர் தலையாட்டினார்கள். எங்கள் குழுவில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாமவர் பஹரம்பூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அவர் பேசியது சொல்லைப் பற்றி அல்ல, கல்யாணத்தைப் பற்றி. ஓடிப்போனவர்கள் சாயங்காலமே ஆபீசில் கையெழுத்துப் போட்டு மாலை மாற்றுகிறார்களே, சட்டப்படி காத்திருக்க வேண்டிய அந்த முப்பது நாள் எங்கே போயிற்று என்று கேட்டார்.

மூலத் தம்பதியில் அந்தப் பெண் கடைசிவரை பேசவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது இயக்குநரிடம் ஒரு வரி சொன்னார். தன் திருமண நோட்டீசை ஆபீஸ் பலகையில் முதலில் பார்த்தது தன் மாமாதானாம்.

சொல் பற்றிய முடிவு

மாணவி சொன்னதை வைத்து எடிட்டிங் அறையில் இரண்டு நாள் பேசினோம். எங்களுக்குத் தெளிவானது இது. ஒருவர் இன்னொருவருக்காகச் சொல்லை மாற்றிக்கொள்வது அங்கே தினசரி நடப்பு. அதில் பயமும் இருக்கலாம், மரியாதையும் இருக்கலாம், காதலும் இருக்கலாம். எல்லார் வாயிலும் ஜொல்லை வைத்ததால் மாற்றிக்கொள்ள எதுவுமே மிச்சமில்லாமல் போய்விட்டது. இரண்டு மதத்தாரின் காதலைப் பற்றிய படத்தில், யார் யாருக்காக எவ்வளவு நகர்கிறார்கள் என்று காட்டும் கருவியை நாங்களே தூக்கிப் போட்டிருந்தோம்.

அதனால் ஒரு வரைபடம் போட்டோம். பையன் கல்லூரியிலும் பெண் வீட்டுத் தெருவிலும் ஜொல், தன் வீட்டில் பானி. அவன் அப்பா, வாத்தியார் என்பதால், இரண்டும் கலந்து பேசுவார். அம்மாவும் பாட்டியும் பானிதான். பெண் முழுப் படத்திலும் ஜொல். கடைசியில் அவளைப் பானி என்று சொல்ல வைக்கலாமா என்று இயக்குநர் ஆசைப்பட்டார். நான் வேண்டாம் என்றேன். கைதட்டு வாங்கும் என்பது நிச்சயம், ஆனால் மருமகளாக வருகிறவள்தான் நாக்கை மாற்ற வேண்டும் என்ற அர்த்தமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார்.

செய்வதில் இருந்த சிக்கல் உதடு. மறுபடி டப்பிங் செய்ய வேண்டிய இடங்களைக் குறித்தபோது அறுபதுக்கும் மேல் வந்தது. பாபாவை ஆப்பா ஆக்குவது சுலபம், இரண்டிலும் உதடு ஒட்டுகிறது. ஜொல்லைப் பானி ஆக்குவதுதான் கஷ்டம். 'ப'வுக்கு உதடு மூடித் திறக்க வேண்டும், 'ஜ'வுக்கு மூடாது. அண்மைக் காட்சியில் அது அப்பட்டமாகத் தெரியும். மாஷி, காலா விஷயத்தில் இதே தொல்லை தலைகீழாக வரும். ஆகவே முதுகு தெரியும் ஷாட்டுகளையும் கேட்பவரின் முகத்தையும் தேடித்தேடிப் போட்டேன். இதில் ஒரு லாபமும் கிடைத்தது. 'பானி' என்ற சொல் காதில் விழும்போது பல இடங்களில் திரையில் இருப்பது அந்தப் பெண்ணின் முகம்.

அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் காட்சிக்கு டப்பிங் தேவைப்படவில்லை. 'வசனப் பிழை' என்று ஒதுக்கிய இரண்டாவது டேக்கை எடுத்துப் போட்டேன். 'பா' என்று வாய் திறந்து, வந்திருப்பது இந்துப் பெண் என்பது உறைத்து, 'ஜொல் காபே?' என்று முடிக்கிறார். பெண் தலையாட்டிவிட்டுக் குடிக்கிறாள். பேச்சு எதுவுமில்லை.

முப்பது நாள் பற்றிய முடிவு

குமாஸ்தாவின் கேள்விக்காக 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை உட்கார்ந்து படித்தோம். திரைக்கதை எழுதும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தில்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். பெயர், தொழில், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். நகலை ஆபீசில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து, சட்டம் சொல்லும் காரணங்களைக் காட்டி, முப்பது நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டீசின் நகல் அங்கேயும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். ஆக, கொல்கத்தாவுக்கு ஓடி வந்தாலும் காகிதம் ஊருக்குத் திரும்பிப் போய்விடும்.

மதம் மாறாமல் மணப்பதற்காக வந்த சட்டம் இது. 1872-ன் பழைய சட்டத்தில், நான் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1954 அந்த நிபந்தனையை எடுத்தது, நோட்டீசை வைத்துக்கொண்டது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், நோட்டீசை ஒட்டுவது தம்பதியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று தீர்ப்பளித்தது. எங்கள் கதை நடப்பது மேற்கு வங்கத்தில், அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. அதை வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

மூன்று நாள் கூடுதல் படப்பிடிப்பு முடிவானது. தயாரிப்பாளர் முகம் சுளித்தார், பணம் போட்டார். மாலை மாற்றும் காட்சியைத் தூக்கிவிட்டு, நோட்டீஸ் பலகையையும் காத்திருக்கும் நாட்களையும் வைத்தோம். பலகையை மாமா பார்க்கும் விஷயத்தைப் பயன்படுத்தலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டோம். மாமா என்று வேண்டாம், யாரோ ஒரு தெரிந்தவர் என்று வையுங்கள் என்றார். அப்படியே செய்தோம்.

இதில் ஒரு விபத்தும் நடந்தது. பலகைக் காட்சிக்கு எங்கள் கலை உதவியாளர் தயாரித்த போலி நோட்டீசில் நிஜமான ஒரு சந்தின் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. எடிட்டிங்கில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நோட்டீசால் முகவரி அம்பலமாவதைக் காட்டும் காட்சியில் நாங்களே ஒருவர் முகவரியை அம்பலமாக்கப் பார்த்தோம். அந்த எழுத்துகளை மங்கலாக்கினேன்.

முடிவுக் காட்சியையும் சட்டமே கொடுத்தது. பிரிவு 12-ன்படி, திருமண அதிகாரியும் மூன்று சாட்சிகளும் பார்க்க, இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படி ஏற்றுக்கொள்வதாக வாயால் சொல்ல வேண்டும். எந்த மொழியில் என்று சட்டம் விதிக்கவில்லை, இருவருக்கும் புரியும் மொழியாக இருந்தால் போதும். படத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். அதிலே ஜொல்லும் இல்லை, பானியும் இல்லை.

பிறகு நடந்தது

தணிக்கையில் யூஏ சான்றிதழ் கிடைத்தது. தயாரிப்பாளர் பயந்த எதுவும் நடக்கவில்லை. சில விழாக்கள், கொல்கத்தாவிலும் மாவட்ட ஊர்களிலுமாகக் குறைந்த நாள் ஓட்டம். போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை.

பஹரம்பூரில் மறுபடி போட்டபோது அம்மா 'பா' என்று நிறுத்தும் இடத்தில் அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. முற்றத்தில் கேட்ட சிரிப்பு மாதிரி அல்ல அது. கொல்கத்தாவில் அதே இடம் சத்தமில்லாமல் கடந்துபோயிற்று. பாதிப் பேருக்கு அது நடிகையின் தடுமாற்றம், அவ்வளவுதான். இதை நான் குறையாக நினைக்கவில்லை. இயக்குநர் நினைக்கிறார்.

குறை வேறு இடத்திலிருந்து வந்தது. பையனின் தங்கையாக நடித்த பெண், தன்னை மட்டும் ஏன் பாட்டி மாதிரி பேச வைத்தீர்கள் என்று கேட்டார். தன் வயதுப் பெண்கள் அம்மாவிடம் ஒன்று, தோழியிடம் ஒன்று, கைபேசியில் ஒன்று என்று கலந்து பேசுவதை அவர் அடுக்கிக் காட்டினார். வரைபடத்தில் அவளுக்கு 'பானி' என்று ஒரே வார்த்தை எழுதி முடித்திருந்தோம். இன்னொருவர், பெண் வீட்டார் பேசுவது பஹரம்பூர்ப் பேச்சே இல்லை, சுத்தமான தென் கொல்கத்தா என்றார். அதுவும் உண்மை. முஸ்லிம் வீட்டு மொழியைச் சரிசெய்ய அவ்வளவு பாடுபட்டவர்கள் இந்து வீட்டு மொழியை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அது தங்கள் மொழி என்ற நினைப்பு.

மறுபடி செய்தால்

வசனத்தை நடிப்பவர்களோடும் ஊர்க்காரர்களோடும் படப்பிடிப்புக்கு முன்பே உட்கார்ந்து பேசிப் பார்ப்பேன், இரண்டு வீட்டுக்கும். முற்றத்துப் படிப்பில் கிடைத்த இரண்டு கருத்தைத் திருத்தமாக மட்டும் எடுத்துக்கொண்டோம். பாட்டியிடம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 'எல்லாரும் ஜொல்' என்ற முடிவு வந்திருக்காது, மூன்று மாத டப்பிங் வேலையும் மிச்சம்.

கன்டின்யூட்டி தாளில் 'வசனப் பிழை' என்று எழுதச் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன். நடிகர் என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதினால் போதும். சட்டம் வரும் காட்சியைக் கோர்ட் குமாஸ்தா ஒருவரிடம் படிக்கக் கொடுப்பேன், அதற்கு ஒரு டீச் செலவுதான்.

தங்கையின் வசனத்தை மட்டும் மறுபடி டப் செய்ய இயக்குநர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அண்மைக் காட்சி பதினொன்று. ஏழில் உதடு பொருந்தாது.